நாங்கூழ்

நுழையும்முன்

சிறியனவற்றை இகழ்வது எளிது, உற்றுநோக்குவது அரிது. காலடியில் நெளியும் மண்புழுவின் உடல், வளையங்களின் வரிசையால் ஆனது. அவ்வரிசைக்குள் தசையும் குருதியும் நரம்பும் அமைந்திருக்கும் முறையை அறிந்தால், மண்ணுக்கு நாம் செய்வன அவ்வுயிரை என்ன செய்யும் என்பதும் விளங்கும். விலங்கியல் ஆசிரியர் ஒருவர் தம் பட்டறிவோடு இணைத்து எழுதிய கட்டுரை இது.

தமிழில் ஒருவரை இழித்துரைக்க எண்ணுவோர்க்குப் 'புழு' என்னும் சொல் எளிதில் கிடைத்துவிடுகிறது. வலிமையற்றவனைப் புழு என்கிறோம். கெட்டழிந்த பொருளைப் புழுத்துப்போனது என்கிறோம். ஒன்றோடொன்று உறவில்லாத உயிர்கள் பல இந்த ஒரு சொல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. அழுகிய பழத்தில் நெளிபவை ஈக்களின் இளவுயிரிகள்; சில நாள்களில் அவை சிறகு பெற்றுப் பறந்துவிடும். முருங்கை மரத்தில் அப்பிக் கிடக்கும் கம்பளிப்புழு நாளை அந்துப்பூச்சியாக மாறும். குழந்தைகளின் குடலில் வாழும் நாக்குப்பூச்சி, உருளைப்புழு இனத்தைச் சேர்ந்தது. மழை ஓய்ந்த காலையில் முற்றத்தில் ஊர்ந்து செல்லும் மண்புழுவோ இவற்றுள் எதனோடும் சேராதது. அதன் உடலமைப்பு வேறு, வாழ்க்கையும் வேறு.

அதற்குத் தமிழில் தனிப்பெயரும் உண்டு. நாங்கூழ் என்பது அப்பெயர். எறும்புகள் மொய்த்து அரிக்கத் தப்ப வழியின்றித் துன்புறும் நாங்கூழைத் தம் நிலைக்கு உவமையாக்கித் திருவாசகத்தில் பாடினார் மாணிக்கவாசகர். புலன்களால் அலைக்கழிக்கப்படும் உயிரின் துயரம் அங்கே புழுவின் துடிப்பாகப் புலப்படுகிறது. 1891ஆம் ஆண்டு வெளிவந்த மனோன்மணீயம் நாடகத்தில் பேராசிரியர் சுந்தரனார், நடராசன் என்னும் பாத்திரத்தை நாங்கூழோடு பேசவைத்தார். அங்கே அது இரங்கத்தக்க உயிராக வரவில்லை. மண்ணைப் பண்படுத்தி உழவர்க்கு உதவும் தொழிலாளியாக வருகிறது. ஒருவர் அதன் துடிப்பைக் கண்டார்; மற்றொருவர் அதன் தொழிலைக் கண்டார். துடிப்புக்கும் தொழிலுக்கும் இடமாக இருப்பது அதன் உடல். அவ்வுடலைப் பற்றியே நான் இங்குப் பேச விரும்புகிறேன். ஏனெனில், நாம் மண்ணில் இடுகின்ற எந்த நஞ்சும் அவ்வுடலைத்தான் முதலில் சென்று சேர்கிறது.

பெயர் பெற்ற வரலாறு

ஐரோப்பிய அறிவியலும் தொடக்கத்தில் நம் பேச்சுவழக்கைப் போன்றே நடந்துகொண்டது. உயிரினங்களை வகைப்படுத்திய சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், 1758ஆம் ஆண்டுப் பதிப்பில், பூச்சி, நண்டு, சிலந்தி போன்றவை நீங்கலாக எஞ்சிய முதுகெலும்பற்ற உயிர்களைப் 'புழுக்கள்' என்று பொருள்படும் 'வெர்மிஸ்' என்னும் ஒரே வகுப்பில் அடக்கினார். நத்தையும் சிப்பியும் மண்புழுவும் அங்கே ஒன்றாகக் கிடந்தன. பாரிஸ் நகரத்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பேராசிரியராக விளங்கிய லாமார்க், அக்குவியலைப் பிரித்து ஒழுங்குபடுத்தியவர்களுள் முதன்மையானவர். உடல் முழுதும் வளையம் வளையமாக அமைந்த உயிர்களைத் தனிப் பிரிவாக்கி, 'சிறுவளையம்' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து அவற்றுக்குப் பெயர் அமைத்தார். இன்று வழங்கும் 'அன்னெலிடா' என்னும் தொகுதிப்பெயர் அதன் வழிவந்தது. தமிழில் அவற்றை வளைத்தசைப் புழுக்கள் என்கிறோம். நிலத்திலும் நன்னீரிலும் கடலிலுமாக ஏறத்தாழ 20,000 இனங்கள் அத்தொகுதியில் அறியப்பட்டுள்ளன.

பெயர் மாற்றம் சிறு செயலாகத் தோன்றலாம். ஆனால், ஒன்றாகக் குவித்து வைத்திருந்தவற்றைப் பிரித்தறிய வேண்டுமாயின் ஒவ்வோர் உயிரின் உள்ளமைப்பையும் பொறுமையோடு நோக்க வேண்டும். அவ்வாறு நோக்கியபோதுதான், இழிந்தது என்று ஒதுக்கப்பட்ட உடலுக்குள் எத்துணை ஒழுங்கு இருக்கிறது என்பது தெரியவந்தது.

மெழுகுத் தட்டிலும் தாளின் மீதும்

நான் கல்லூரியில் விலங்கியல் பயின்ற காலத்தில், மண்புழுவைக் கூர்ந்து பார்த்தது மெழுகு ஊற்றிய தட்டில்தான். இருமுனைகளிலும் குண்டூசி குத்தி, முதுகுப்புறத் தோலைக் கத்தரித்து விரித்து வைப்போம். அது 'லாம்பிட்டோ மாரிட்டி' என்னும் இனம். தென்னிந்திய மண்ணில் பரவலாகக் காணப்படுவது. அதன் நீளம் 80 முதல் 210 மில்லிமீட்டர். உடலில் 165 முதல் 190 வளையங்கள். அவ்வளையங்களைக் கண்டங்கள் என்று நூல்கள் குறிக்கும். 14ஆம் கண்டம் முதல் 17ஆம் கண்டம் வரை உடலைச் சூழ்ந்து தடித்த பட்டை ஒன்றுண்டு. அதற்குக் கிளைடெல்லம் என்று பெயர். கைலென்சு வழியே கண்டங்களை எண்ணினோம், படம் வரைந்தோம், பாகங்களைக் குறித்தோம்.

ஆசிரியப் பணி ஏற்றபின், உயிருள்ள புழுவையே மாணவர்க்குக் காட்டத் தொடங்கினேன். அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. சற்றே ஈரப்படுத்திய முரட்டுத்தாள் ஒன்று போதும். தாளின்மேல் புழுவை விட்டு, வகுப்பறை அமைதியானபின் அருகே காதை வைத்துக் கேட்டால், மிக மெல்லிய உராய்வொலி கேட்கும். புழுவின் தோலைத் தொட்டுப் பார்த்தால் வழவழப்பாகவே இருக்கிறது. பின் அந்த ஒலி எதிலிருந்து எழுகிறது? ஒவ்வொரு கண்டத்தின் நடுவிலும் வளையமாக நடப்பட்டிருக்கும் நுண்ணிய முட்களே தாளைக் கீறுகின்றன. சீட்டா எனப்படும் அம்முட்கள் முதற்கண்டத்திலும் கடைக்கண்டத்திலும் கிளைடெல்லப் பகுதியிலும் மட்டும் இல்லை. நெளிகின்ற உயிர், மண்ணில் ஊன்றி நிற்பதற்கு அவையே கால்கள்.

முதுகின் நடுவே, தோலுக்கு அடியில் கருஞ்சிவப்பாக ஒரு கோடு ஓடுவதையும் வெறுங்கண்ணால் காணலாம். சற்று நேரம் பொறுத்து நோக்கினால் அக்கோடு துடிப்பது தெரியும். பின்னிருந்து முன்னோக்கிக் குருதி அலையலையாகத் தள்ளப்படும் காட்சி அது. ஓர் உயிரின் குருதியோட்டத்தைத் தோலைக் கீறாமல் காணும் வாய்ப்பு நமக்கு எளிதில் அமைவதில்லை. அதைக் கண்ட மாணவர் எவரும் அப்புழுவைக் கூசி உதறியதை நான் கண்டதில்லை.

எலும்பில்லா உடலின் வலிமை

மண்புழுவின் உடலைக் குழலுக்குள் அமைந்த குழல் எனலாம். புறத்தே தசைச்சுவர், அகத்தே வாயிலிருந்து மலவாய் வரை நீளும் உணவுப்பாதை. இரண்டுக்கும் இடையே நீர்மம் நிறைந்த உடற்குழி. அக்குழி ஒரே நெடிய அறையாக இல்லை. கண்டத்திற்கும் கண்டத்திற்கும் இடையே மெல்லிய தடுப்புச்சுவர் நின்று, அதனைச் சிற்றறைகளாகப் பிரிக்கிறது.

எலும்பில்லாத இவ்வுயிர் கட்டிமண்ணைத் துளைப்பது எங்ஙனம்? அதன் விடை அந்த நீர்மத்தில் இருக்கிறது. நீர் நிரப்பிய பலூனின் நடுவே கையால் சுற்றி அழுத்தினால், அது நீண்டு மெலிகிறது. இருமுனைகளையும் பிடித்து அழுத்தினால் குறுகிப் பருக்கிறது. நீரின் அளவு மாறுவதில்லை, வடிவம் மாறுகிறது. மண்புழுவின் தோலுக்கு அடியில் வட்டத்தசை ஓரடுக்காகவும் நீள்தசை மற்றோரடுக்காகவும் உள்ளன. வட்டத்தசை சுருங்கும்போது கண்டம் மெலிந்து முன்னே நீள்கிறது. நீள்தசை சுருங்கும்போது கண்டம் பருத்து, முட்களை மண்ணில் ஊன்றி, பின்னுள்ள கண்டங்களைத் தன்பால் இழுக்கிறது. மெலிதலும் பருத்தலும் அலைபோல் தலையிலிருந்து வாலை நோக்கிச் செல்ல, உடல் முன்னோக்கி நகர்கிறது.

உடல் முழுதும் ஒரே பையாக இருந்திருந்தால், ஓரிடத்தில் எழும் அழுத்தம் எங்கும் பரவி வீணாகியிருக்கும். தடுப்புச்சுவர்கள் இருப்பதனால்தான் ஒரு கண்டம் மெலிந்திருக்கையில் அதற்குச் சற்றுப் பின்னுள்ள கண்டம் பருத்திருக்க முடிகிறது. தொடர்வண்டியில் இழுப்பது ஒரு பொறி. ஏனைய பெட்டிகள் இழுபடுவன. மண்புழுவிலோ ஒவ்வொரு பெட்டியும் தன் முறை வரும்போது இழுக்கிறது.

நரம்பமைப்பும் இவ்வாறே. தொண்டைக்கு மேலே சிறிய மூளைத்திரள் ஒன்று உண்டு. அங்கிருந்து இருபுறமும் தொண்டையைச் சுற்றி இறங்கும் நரம்புகள், வயிற்றுப்புறத்தில் ஒன்றாகி, உடல் நெடுகிலும் நரம்புவடமாகச் செல்கின்றன. ஒவ்வொரு கண்டத்திலும் அவ்வடம் சிறிது தடித்து, அக்கண்டத்திற்குரிய நரம்புத்திரளை உண்டாக்குகிறது. மேலுள்ள மூளைத்திரளை நீக்கிவிட்டாலும் புழு ஊர்வதை நிறுத்துவதில்லை என்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஊர்வதற்கான ஆணை தலையிலிருந்து மட்டும் வருவதன்று. கண்டங்கள் தமக்குள் செய்தி பகிர்ந்து அதனை நடத்துகின்றன.

இதனைக் கொண்டு, 'மண்புழுவை இரண்டாக வெட்டினால் இரண்டும் பிழைத்துக்கொள்ளும்' என்று பலர் நம்புகின்றனர். மண்வெட்டி பட்டு அறுந்த இரு துண்டுகளும் துடிப்பதைக் கண்டு எழுந்த நம்பிக்கை அது. நன்னீரில் வாழும் சில வளைத்தசைப் புழுக்களுக்கு அவ்வாற்றல் உண்மையாகவே உண்டு. நம் தோட்டத்து மண்புழுவின் நிலை வேறு. புறத்தோற்றத்தில் கண்டங்கள் ஒன்றுபோல் தோன்றினும் உள்ளே தொழிற்பகுப்பு இருக்கிறது. லாம்பிட்டோவில் அரைவைப்பை 6ஆம் கண்டத்தில் மட்டுமே உண்டு. 6 முதல் 13 வரையிலான கண்டங்களில் மட்டுமே எட்டு இணைப் பக்க இதயங்கள் துடிக்கின்றன. இனப்பெருக்க உறுப்புகளும் முன்பகுதியிலேயே உள்ளன. ஆகவே, போதிய கண்டங்களோடு தப்பிய முன்துண்டு புதிய வாலை வளர்த்துக்கொள்ளக் கூடும். பின்துண்டு துடித்து அடங்கிவிடும். அத்துடிப்பை இரண்டாம் பிறவியாக எண்ணுவது நம் மனத்திற்கு ஆறுதலாக இருக்கலாம். புழுவுக்கு அது இறப்பு.

மண்ணை உண்டு மண்ணைத் தருதல்

மண்புழுவுக்குப் பல் இல்லை. மண்ணோடு கலந்த இலைமட்கை அது விழுங்குகிறது. தடித்த தசையால் ஆன அரைவைப்பை, உள்ளே வந்த மணல் துகள்களையே அரைக்கும் கற்களாகக் கொண்டு உணவைப் பொடியாக்குகிறது. குடலின் மேற்சுவர் உட்புறமாக மடிந்து நீண்ட மடிப்பாகத் தொங்குகிறது. டிஃப்ளோசோல் எனப்படும் அம்மடிப்பு, உணவை உறிஞ்சும் பரப்பை மிகுதியாக்குகிறது. எஞ்சியது சிறுசிறு குருணைகளாக வெளியேறி, வளையின் வாயில் குவிகிறது. காலையில் தோட்டத்து வரப்பில் நாம் காணும் அக்குருணைக் குவியல், உண்ட மண்ணை நுண்ணுயிரிகளோடு கலந்து திருப்பித் தந்த மண்.

இதன் பயனை அளந்தறிய முயன்றவர்களுள் தலையாயவர் சார்லஸ் டார்வின். 1837ஆம் ஆண்டு லண்டன் புவியியல் கழகத்தில் மண்புழுக்கள் மண்ணை உருவாக்கும் விதம் பற்றி அவர் கட்டுரை படித்தார். 1842இல் தம் வீட்டருகே இருந்த வயலில் சுண்ணக்கட்டித் துண்டுகளைப் பரப்பச் செய்து, அதனை அப்படியே விட்டுவிட்டார். 29 ஆண்டுகள் கழித்து, 1871இல் அவ்விடத்தில் பள்ளம் தோண்டிப் பார்த்தபோது, அத்துண்டுகள் 7 அங்குல ஆழத்தில் வரிசையாகக் கிடந்தன. அவற்றை யாரும் புதைக்கவில்லை. புழுக்கள் அடியிலிருந்து கொண்டுவந்து கொட்டிய மண்தான் அவற்றின்மேல் படிந்திருந்தது.

டார்வின் தம் அறையில் மண்தொட்டிகளில் புழுக்களை வளர்த்து, இரவில் மங்கிய விளக்கொளியில் அவற்றை நோக்கினார். ஊதல் ஒலிக்கும் குழலொலிக்கும் அவை அசையவில்லை. ஆனால், தொட்டியைப் பியானோவின்மேல் வைத்து ஒரு சுரத்தை மீட்டியதும் சட்டென வளைக்குள் மறைந்தன. காற்றில் வரும் ஒலியை உணராத அவ்வுடல், மண்ணில் வரும் அதிர்வை முழுமையாக உணர்கிறது. முக்கோணமாக நறுக்கிய தாள்களை அருகே இட்டபோது, பெரும்பாலானவற்றைக் கூர்முனையைப் பற்றியே வளைக்குள் இழுத்தன. வளைக்குள் எளிதாக நுழையும் முனை அதுவே. இவற்றையெல்லாம் தொகுத்து 1881ஆம் ஆண்டு அவர் நூலாக்கினார். அதுவே அவருடைய கடைசி நூல். அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். உயிர்களின் தோற்றம் பற்றி உலகையே சிந்திக்க வைத்தவர், வாழ்வின் இறுதிக் காலத்தைப் புழுவுக்காகச் செலவிட்டார்.

வளையங்களின் சுற்றம்

வளைத்தசைப் புழுக்களின் குடும்பம் நம் தோட்டத்தோடு முடிவதில்லை. கடற்கரைச் சேற்றில் வாழும் நீரிஸ் என்னும் புழுவுக்கு ஒவ்வொரு கண்டத்தின் இருபுறமும் துடுப்புப் போன்ற சதைக்கால்கள் உள்ளன. நீந்தவும் மூச்சுவிடவும் அவை பயன்படுகின்றன. தலையில் நான்கு கண்களும் வலிய தாடைகளும் உண்டு. அட்டைக்கோ முட்களும் இல்லை, துடுப்புக்கால்களும் இல்லை. வளர்ந்த அட்டையாயினும் குட்டி அட்டையாயினும் 33 கண்டங்களே என்று நூல்கள் கணக்கிடுகின்றன. மேலே தெரியும் கோடுகள் அதனினும் பல. கடித்த இடத்தில் குருதி உறையாமல் இருக்க அதன் உமிழ்நீரில் உள்ள பொருளை 1884இல் ஜான் ஹேகிராஃப்ட் கண்டறிந்தார். ஹிருடின் என்பது அதன் பெயர். அறுந்த விரலையும் காதையும் மீண்டும் ஒட்டவைக்கும் அறுவை மருத்துவத்தில், தேங்கும் குருதியை வடிக்க இன்றும் அட்டைகள் பயன்படுகின்றன.

1977இல் பசிபிக் கடலில் கலாபகசுத் தீவுகளுக்கு அருகே, ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்தில் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி இரண்டு மீட்டர் அளவுக்கு வளர்ந்த குழாய்ப்புழுக்கள் காணப்பட்டன. வளர்ந்த புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. உடலுக்குள் வாழும் நுண்ணுயிரிகள் ஆக்கித் தரும் உணவை அது உண்டு வாழ்கிறது. கதிரவன் ஒளி எட்டாத அந்த ஆழத்தில் அதன் தூவி செந்நிறமாக இருப்பதற்குக் காரணம், குருதியில் உள்ள ஹீமோகுளோபின். நம் தோட்டத்து மண்புழுவின் குருதிச் சிவப்புக்கும் அதுவே காரணம். நம் குருதியில் ஹீமோகுளோபின் செவ்வணுக்களுக்குள் அடைபட்டிருக்கிறது; மண்புழுவில் அது குருதி நீர்மத்திலேயே கரைந்திருக்கிறது. இழித்துப் பேசும் நமக்கும் இழிக்கப்படும் புழுவுக்கும் குருதியைச் சிவக்கச் செய்யும் பொருள் ஒன்றே.

தோலே மூச்சு

மண்புழுவுக்கு நுரையீரல் இல்லை, செவுளும் இல்லை. அது தோலால் மூச்சுவிடுகிறது. காற்றில் உள்ள உயிர்வளி, தோலின்மேல் படிந்த ஈரத்தில் கரைந்து, அடியிலுள்ள நுண்குழல்களின் குருதியில் சேர்கிறது. தோல் உலர்ந்தால் மூச்சு நின்றுவிடும். அதனால் தோலின் சுரப்பிகள் வழவழப்பான நீர்மத்தை இடைவிடாது சுரக்கின்றன. முதுகிலுள்ள சிறுதுளைகள் வழியே உடற்குழி நீர்மமும் கசிந்து தோலை நனைக்கிறது. நாம் அருவருக்கும் அந்த வழவழப்பே அதன் உயிர்.

இவ்வமைப்பின் பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும். நம் நுரையீரல் மார்புக்கூட்டுக்குள் பாதுகாப்பாக இருக்கிறது. மண்புழு தன் நுரையீரலையே போர்வையாகப் போர்த்துக்கொண்டு மண்ணுக்குள் நடக்கிறது. மண்ணில் கரைந்த எதுவும் அதன் தோலைத் தொடாமல் போவதில்லை. ஆகவே, மண்ணில் நாம் இடும் நஞ்சு அதன் மூச்சில் இடும் நஞ்சு. அதே மண்ணை அது உண்ணவும் செய்வதால், நஞ்சு புறத்திலிருந்தும் அகத்திலிருந்தும் அதனைச் சேர்கிறது.

வேளாண் வேதிப்பொருள்களைச் சோதிப்பவர்களும் இதனை அறிவர். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 1984ஆம் ஆண்டு வகுத்த சோதனை முறையில், வேதிப்பொருளில் நனைத்த வடிதாளின்மேல் மண்புழுவை வைத்துப் பார்க்கும் முறை ஒன்றுண்டு. வேதிப்பொருள் கலந்த மண்ணில் 14 நாள்கள் விட்டுப் பார்க்கும் முறை மற்றொன்று. வெறும் தாளைத் தொட்டதனாலேயே புழு இறக்கக்கூடும் என்பதை அறிந்தே முதல் சோதனை அமைந்தது. கார்பமேட் வகைப் பூச்சிக்கொல்லிகள் பலவும் மண்புழுவுக்குக் கடுநஞ்சு. செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லிகளை ஆண்டுக்கணக்கில் தெளித்த பழத்தோட்டங்களில், செம்பு மேல்மண்ணில் படிந்து, மண்புழுக்கள் அருகிப்போனதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

காவிரிப் படுகையில் எங்கள் குடும்பத்திற்குச் சிறிய வாழைக்கொல்லை உண்டு. அதன் ஒரு பாதியில் என் தந்தையார் வாழைச்சருகைத் தரையிலேயே பரப்பி, சாணம் இட்டுப் பயிர் செய்துவந்தார். குத்தகைக்கு விட்ட மறுபாதியில் ஆண்டுதோறும் சருகைக் கொளுத்தி, உப்பு உரமும் குருணை மருந்தும் இட்டனர். ஒரே மண், ஒரே வாய்க்கால் நீர், ஒரே மழை. ஐப்பசி மழைக்குப் பின் ஒருபுறம் நீர் மண்ணுக்குள் இறங்கிவிடும். மறுபுறம் குட்டையாகத் தேங்கி நிற்கும். மண்வெட்டியால் வெட்டிப் பார்த்தால், ஒருபுறத்து மண் பிட்டுப்போல் உதிர்ந்து புழுக்கள் நெளியும். மறுபுறத்து மண் ஓட்டுச்சில்லுபோல் பெயரும். "மண்ணு உசுரோட இருக்குதுப்பா, அதான் தண்ணியக் குடிக்குது" என்பார் தந்தையார். நான் படித்த விலங்கியல் அச்சொற்களுக்கு விளக்கமாக அமைந்தது. புழுக்களின் வளைகள் வழியே நீரும் காற்றும் இறங்குகின்றன. வளையை இட்ட உடல் அழிந்தால் வழியும் தூர்ந்துபோகிறது.

மீண்டும் மலர்தல்

அழிந்ததை மீட்கவும் அவ்வுடலிலேயே வழி இருக்கிறது. ஒவ்வொரு மண்புழுவும் ஆணுமாகிப் பெண்ணுமாகி இருப்பது. எனினும் துணையின்றி அது இனம் பெருக்குவதில்லை. இரு புழுக்கள் ஒன்றையொன்று அணைந்து விந்தணுக்களை மாற்றிக்கொள்கின்றன. பின்னர்க் கிளைடெல்லம் தன்மேல் ஒரு பட்டையைச் சுரக்கிறது. புழு பின்னோக்கி நகர, அப்பட்டை தலைவழியே வளையமாகக் கழல்கிறது. கழலும்போதே முட்டைகளையும் விந்தணுக்களையும் ஏற்று, இருமுனையும் மூடிக் கூடாகிவிடுகிறது. அக்கூட்டுக்குள் பெற்றோரின் துணையின்றிக் குஞ்சு வளர்கிறது. லாம்பிட்டோவின் வாழ்க்கைச் சுற்று ஏறத்தாழ 60 நாள்களில் நிறைவுறும். ஈரமும் நிழலும் மட்கும் இலையும் இருந்தால், ஓரிரு பருவங்களில் மண்ணின் நிலை மாறத் தொடங்கும். எங்கள் குத்தகைப் பாதியைத் திரும்பப் பெற்றுச் சருகுப் போர்வை இட்ட மூன்றாம் ஆண்டில், வளைவாய்களில் குருணைக் குவியல்களைக் கண்டேன்.

மண்புழுவை 'உழவனின் நண்பன்' என்று பாராட்டுவது நம் வழக்கம். அப்பாராட்டிலும் கவனம் வேண்டும். வட அமெரிக்காவில், பழங்காலத்தில் பனிப்பாறைகள் மூடியிருந்த பகுதிகளின் காடுகள், மண்புழுவே இல்லாத மண்ணில் வளர்ந்தவை. குடியேறியவர்களின் செடிகளோடும் மண்ணோடும் சென்ற ஐரோப்பிய மண்புழுக்கள், அக்காடுகளின் தடித்த இலைப்படுகையை உண்டு தீர்த்து, அதனைச் சார்ந்திருந்த செடிகளை நலிவித்தன. அங்கே அவை நண்பர்கள் அல்லர். புழு நல்லதும் அன்று, தீயதும் அன்று. அது தன் உடலமைப்புக்கு ஏற்ப வாழ்கிறது. அவ்வுடல் எம்மண்ணுக்கு உரியது, எந்நிலையில் வாழும், எதனால் சாகும் என்று அறிய வேண்டிய பொறுப்பு நம்முடையது.

உங்கள் ஊரில் நல்ல மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், வீட்டுத் தோட்டத்திலோ பள்ளி வளாகத்திலோ ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி ஆழம் மண்ணை மெல்லப் பெயர்த்துப் பாருங்கள். எத்தனை மண்புழுக்கள் இருக்கின்றன என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். சருகு மூடிய இடத்திலும் வெறுந்தரையிலும் எண்ணி ஒப்பிடுங்கள். ஒன்றை ஈரத்தாளில் விட்டு, முதுகில் ஓடும் குருதிக்கோட்டை நோக்குங்கள். முட்கள் தாளைக் கீறும் ஒலியைக் கேளுங்கள். பார்த்து முடித்ததும் காலம் தாழ்த்தாமல் நிழலான ஈர மண்ணில் விட்டுவிடுங்கள். வெயிலில் உலர்ந்த தோலால் அதற்கு மூச்சுவிட இயலாது.